ஃபீசிபிளும் காணாமல் போன 'கு' உருபும்

டிஸ்கி: மொழிப்பதிவு மாதிரி ஆரம்பிச்சு வயித்தெரிச்சல் பதிவா முடியும். தனித்தமிழ் அன்பர்களும் பீட்டர் பார்ட்டிகளும் சேர்ந்தே அடிக்கலாம், தாங்குவேன் :-)

போன வாரம் நண்பர் ஒருத்தர் எழுதியிருந்தார். ஒரு திட்டம் தேறுமா தேறாதான்னு சொல்ல இங்கிலீஷ்ல ஃபீசிபிள், வயபிள், பிராக்டிகல், பிராக்டிகபிள், வொர்க்கபிள், டூவபிள்னு அரை டஜன் வார்த்தை இருக்காம். நம்மகிட்ட 'சாத்தியம்'னு ஒண்ணே ஒண்ணுதானாம். அதனாலதான் தமிழ்ல திட்டம் போட்டுப் பேச முடியலையாம்.

அண்ணாச்சி, அந்த முதல் வாக்கியத்துலயே 'தேறுமா தேறாதா'ன்னு நீங்க கேட்டீங்களே, அது எந்த மொழி?

இதோட விட்டிருப்பேன். ஆனா அதே வாரம் ஆபீஸ்ல இந்த அரை டஜன்ல மூணை என் தலையிலயே போட்டு உடைச்சாங்க. அதனால உக்காந்து எழுத வேண்டியதாப் போச்சு.

முதல்ல இங்கிலீஷ்காரனுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துடுவோம். அவன் வார்த்தைகள் ஒண்ணுக்கொண்ணு வேறதான். ஃபீசிபிள்ங்கிறது 'செய்'னு பொருள் தர்ற பிரெஞ்சு வினையில இருந்து வந்தது. செய்ய முடியுமா, அவ்வளவுதான் கேள்வி. செஞ்ச பிறகு என்ன ஆகும்னு அந்த வார்த்தைக்குக் கவலை கிடையாது. வயபிள் பிரெஞ்சுல 'உயிர்'ங்கிற சொல்லில இருந்து வந்தது. இங்கிலீஷுக்குள்ள வந்த புதுசுல அது பிறந்த குழந்தையைப் பத்திச் சொன்ன வார்த்தை. பிள்ளை பிழைக்குமா? கம்பெனி, திட்டம், பட்ஜெட் எல்லாம் பின்னால வந்து ஒட்டிக்கிட்டது. பிராக்டிகபிள்னா செயல்ல கொண்டுவர முடியறது. பிராக்டிகல்னா செயலுக்கு உதவறது. இந்தக் கடைசி ரெண்டையும் வெள்ளைக்காரனே மாத்தி மாத்திப் போட்டு அடி வாங்குறான், நாம எம்மாத்திரம்.

இஞ்சினியரிங் படிச்ச எல்லாரும் சாஃப்ட்வேர் இஞ்சினியரிங் பேப்பர்ல ஃபீசிபிலிட்டி ஸ்டடின்னு 16 மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணியிருப்போம். டெக்னிகல், எகனாமிக், லீகல், ஆபரேஷனல், ஷெட்யூல். அஞ்சு தலைப்பு, அஞ்சு டப்பா, நடுவுல ஒரு படம். நானும் எழுதினேன், பாஸும் ஆனேன். அந்த அஞ்சுல எதுலயும் 'யாருக்கு'ன்னு ஒரு கேள்வி இல்லைங்கறது எனக்கு அப்ப உறைக்கவே இல்ல.

இப்ப எங்க ஊருக்கு வாங்க.

கங்கைகொண்டான். திருநெல்வேலிக்கு வடக்கே, மதுரை போற நாலுவழிச்சாலையில, சிற்றாத்தங்கரையில இருக்கு. கங்கைகொண்ட சோழபுரம் இல்லீங்க, அது அரியலூர் மாவட்டம். ஊர் பேரைச் சொன்னாலே பாதிப் பேர் 'ஓ, அந்தப் பெரிய கோயிலா'ம்பாங்க. ரெண்டு ஊருக்கும் ராஜேந்திர சோழன் பட்டம்தான் பேரு. (தஞ்சாவூர்ல இருந்து கங்கைக்குப் படை அனுப்பலாமான்னு அந்த மனுஷன் ஒரு கன்சல்டன்டைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா எங்க ஊருக்கு வேற பேருதான் வச்சிருப்பாங்க.)

எங்க அப்பா விவசாயி. இங்கிலீஷ் வாடை கிடையாது. ஆனா ஒரு வேலை ஆகுமா ஆகாதான்னு சொல்ல அவர்கிட்ட இருக்கற வார்த்தைகளை ஒரு நாள் உக்காந்து எண்ணினேன்.

உடம்பாலயோ ஆளாலயோ முடியாததுன்னா 'ஏலாது'. "ஒத்தை ஆளா இந்த வயலை நட ஏலாதுய்யா." செய்யலாம், ஆனா போட்ட காசு திரும்பாதுன்னா 'கெட்டுபடியாகாது'. ஏட்டுத் தமிழ்ல கட்டுப்படி. கடைசியா நெல்லு போட்ட பிசானத்துல அவர் சொன்னது இதுதான். விளைஞ்சுது, அறுத்தோம், வித்தோம், கெட்டுபடியாகல. அதாவது ஃபீசிபிள், பட் நாட் வயபிள். செய்யலாம், காசும் பரவாயில்ல, ஆனா நம்ம இருப்புக்கும் நேரத்துக்கும் பொருந்தலன்னா 'தோதுப்படாது'. பாதி வரைக்கும் வந்து நின்னுபோகும்னு பட்டா 'ஒப்பேறாது'. ஆஸ்பத்திரியில கிடக்கறவருக்கும், பிளஸ் டூ படிக்கிற பையனுக்கும், புதுசாத் திறந்த கடைக்கும் பொதுவா ஒண்ணு 'தேறாது'. வயபிள்ங்கிற வார்த்தை பிரசவ அறையில இருந்து பட்ஜெட்டுக்கு எப்படிப் போச்சோ, அதே ரோட்டுலதான் நம்ம 'தேறும்', 'பிழைக்கும்' ரெண்டும் போயிருக்கு. பிழைக்கறதுல இருந்துதான் பிழைப்பு. 'இது பொழப்புக்கு ஆகுமா'ன்னு கேட்டா அதுக்கு மேல ஒரு வயபிலிட்டி ரிப்போர்ட் தேவையே இல்ல.

ஈழத்துப் பதிவர்கள் இந்நேரம் சிரிச்சிருப்பீங்க. ஏலும், ஏலாது எல்லாம் உங்களுக்குத் தினசரிச் சோறு. எங்க பக்கம் வயசானவங்க வாயில மட்டும் மிச்சம் இருக்கு. சென்னைக்கு வந்த புதுசுல நான் 'ஏலாது'ன்னு சொன்னதுக்கு ரூம்மேட் 'ஏலம் விடுறாங்களா'ன்னு கேட்டான்.

சரி, வார்த்தை இருக்கு. இப்ப இந்த வார்த்தைகளோட இலக்கணத்தைக் கொஞ்சம் கவனிங்க. எனக்குக் கட்டுபடியாகாது. நமக்குத் தோதுப்படாது. அவனுக்குச் சரிப்பட்டு வராது. பாட்டிக்கு ஏலாது. எல்லாத்துலயும் நாலாம் வேற்றுமை, 'கு' உருபு. யாருக்குன்னு ஒரு ஆள் வாக்கியத்துக்குள்ள நின்னுக்கிட்டே இருக்கான். அந்த ஆளைச் சொல்லாம வெறுமனே 'கட்டுபடியாகாது'ன்னு கடைக்காரர் சொன்னாலும் 'எனக்கு'ன்னுதான் நமக்குக் கேக்கும். உடனே 'உங்களுக்கு எவ்வளவுக்குக் கட்டும்?'னு பேரம் ஆரம்பிக்கும். பேரத்துக்கு இடம் இருக்கு, ஏன்னா எதிர்ல ஒரு ஆள் இருக்கான்.

"இட் ஈஸ் நாட் ஃபீசிபிள்." யாருக்கு? 'இட்'டுக்கு. அந்த 'இட்' யாருன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. வானிலை அறிக்கை மாதிரி. மழை பெய்யுது, வெயில் அடிக்குது, ஃபீசிபிள் இல்ல. மழைகிட்ட எங்க போய் பேரம் பேச?

அரசாங்கத் தமிழும் இதுல யோக்கியம் இல்ல. 'சாத்தியக்கூறு ஆய்வு'ன்னு ஒண்ணு வச்சிருக்காங்க பாருங்க, ஃபீசிபிலிட்டி ஸ்டடிக்கு. அதுவும் ஆளில்லாத வார்த்தை. அதே சாத்தியக்கூறுதான் மழைக்கும், கூட்டணிக்கும், புற்றுநோய்க்கும். ஆக என் சண்டை இங்கிலீஷோட இல்ல. ஆள் ஒளிஞ்சுக்க இடம் கொடுக்கற வார்த்தைகளோட. அதுக்கு இங்கிலீஷ் வசதியான கோணிப்பை, அவ்வளவுதான்.

ஆபீஸ் கதைக்கு வர்றேன். 2019ல படிப்பு முடிச்சு சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு கம்பெனியில ஆணி புடுங்க ஆரம்பிச்சேன். 2020 மார்ச்ல ஊரடங்கு வந்ததும் மடிக்கணினியைத் தூக்கிட்டு ஊருக்கு ஓடினவன், ரெண்டு வருஷம் கங்கைகொண்டான்லதான் இருந்தேன். வீட்டுக்குள்ள சிக்னல் இல்லாத நாள்ல மொட்டைமாடியில தென்னங்கீத்து நிழல். கரண்ட் போனா பேட்டரி. ஒரு ரிலீஸ்கூட என்னால தள்ளிப்போகல. அப்புறம் எல்லாரும் ஆபீஸ் வாங்கன்னு சொன்னாங்க, வந்தேன். போன வருஷம் அம்மா தவறிட்டாங்க. அப்பா தனியா இருக்கார், முட்டிவலி, ஒரு கண்ணுல ஆபரேஷன் ஆகியிருக்கு. மாசத்துல ரெண்டு வாரம் ஊர்ல இருந்து வேலை பாக்கட்டுமான்னு கேட்டேன்.

"நாட் ஃபீசிபிள்ப்பா" ன்னார் மேனேஜர்.

"சார், ரெண்டு வருஷம் பண்ணியிருக்கேனே?"

"அது சரி. லாங் ரன்ல வயபிள் இல்ல."

"என்ன நஷ்டம்னு சொன்னீங்கன்னா..."

"கொஞ்சம் பிராக்டிகலா யோசி."

மூணு நிமிஷத்துல மூணு வார்த்தை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வார்த்தையில இருந்து இறங்கி அடுத்ததுல ஏறிக்கிட்டார், பஸ் மாறுற மாதிரி. அவரைக் குறை சொல்லிப் புண்ணியமில்ல, நல்ல மனுஷன்தான், அம்மா காரியத்துக்கு பத்து நாள் லீவு கொடுத்தவர். அவர் தமிழ்ல சொல்லியிருந்தா என்ன சொல்லியிருக்கணும்னு யோசிச்சுப் பாத்தேன். 'மேல போய்க் கேக்க எனக்குத் தெம்பில்ல'ன்னு சொல்லியிருக்கணும். 'உனக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பான், எனக்குக் கட்டுபடியாகாது'ன்னு சொல்லியிருக்கணும். ரெண்டுமே நியாயமான பதில். ரெண்டுக்கும் என்கிட்ட மறுபேச்சு இருந்திருக்கும். ஃபீசிபிள் இல்லைன்னதும் வாயடைச்சுப் போச்சு.

(நான் மட்டும் என்ன ஒழுங்கா? 'இந்த ஸ்பிரின்ட்ல ஃபீசிபிள் இல்ல'ன்னு டெஸ்டிங் டீம்கிட்ட நான் சொன்ன அத்தனை தடவையும் அதுக்கு அர்த்தம் 'வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு நெல்லை எக்ஸ்பிரஸ்' என்பதுதான்.)

ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"என்னய்யா சொன்னாவ?"

"நாட் ஃபீசிபிளாம்ப்பா."

"அப்படின்னா?"

"முடியாதாம்."

"இங்கனதான ரெண்டு வருசம் மாடியில உக்காந்து பாத்த? யாருக்கு முடியாதாம்?"

பதிவோட தலைப்பு அங்க இருந்து வந்ததுதான்.

இதுல வயித்தெரிச்சல் எங்கன்னா, எங்க ஊர்லயே அரசாங்கத்தோட ஐடி பூங்கா இருக்கு. எல்காட் தமிழ்நாட்டுல எட்டு இடத்துல தகவல் தொழில்நுட்ப சிறப்புப் பொருளாதார மண்டலம் போட்டது. சோழிங்கநல்லூர், கோயம்புத்தூர் விளாங்குறிச்சி, மதுரையில இலந்தைக்குளம், வடபழஞ்சி, திருச்சி நவல்பட்டு, சேலம் ஜாகீரம்மாபாளையம், ஓசூர் விஸ்வநாதபுரம், அப்புறம் எங்க கங்கைகொண்டான். அதாவது நான் தினமும் கடந்து போற சோழிங்கநல்லூரும் என் சொந்த ஊரும் ஒரே பட்டியல்ல இருக்கற அண்ணன் தம்பி. அண்ணன் வாசல்ல காலையில எட்டு மணிக்கு டிராபிக் நகராது. தம்பி வருஷக்கணக்கா பெரும்பாலும் காலியாக் கிடந்தான். ரோடு இருந்துச்சு, கட்டடம் இருந்துச்சு. ஃபீசிபிள், கட்டியாச்சு. பிழைக்குமான்னு கேக்க விட்டுப்போச்சு.

'தென்மாவட்டத்துல ஐடி எல்லாம் வயபிள் இல்ல பாஸ்'னு ஒரு கூட்டம் சொல்லும். அவங்களுக்கு ஒரே பதில்: எங்க ஊர்ல இருந்து அறுபது எழுபது கிலோமீட்டர் மேற்கே, தென்காசி பக்கம் மத்தளம்பாறை. சோஹோ அங்க 2011ல ஆபீஸ் போட்டது. விமான நிலையம் இல்ல, மால் இல்ல, மல்டிபிளெக்ஸ் இல்ல. வயலுக்கு நடுவுல உக்காந்து உலகத்துக்கு மென்பொருள் எழுதுறாங்க. (அதோட நிறுவனர் பேசுற மத்த விஷயங்கள்ல எனக்கு உடன்பாடு இருக்கா இல்லையாங்கறது தனிப்பதிவு, இப்ப அங்க போகாதீங்க.) அதே காத்து, அதே மின்வாரியம், அதே காலேஜ்ல படிச்ச பிள்ளைகள். ஒரு ஆளுக்குத் தோதுப்பட்டது, மத்தவனுக்குப் படல. அப்ப அது ஊரோட குணமா, ஆளோட தீர்மானமா?

எங்க ஊர் சிப்காட்டையே எடுத்துக்கோங்க. ஐடிக்கு ஆகாதுன்னு ஒதுக்கின ஊர்ல டாடா பவர் சோலார் தொழிற்சாலை வந்து, 2025 பிப்ரவரியில முதல்வர் ஸ்டாலின் திறந்து வச்சார். செல்லும் மாட்யூலும் செய்யற, 4.3 ஜிகாவாட் திறன் உள்ள ஆலை. வேலை பாக்கறவங்கள்ல பெரும்பாலானவங்க பொண்ணுங்க. சுத்துப்பட்டு ஊர்ப் பிள்ளைகள் பஸ்ல வந்து இறங்கறதைப் பாத்தா எனக்குச் சந்தோஷம்தான். 'பொம்பளப் பிள்ளைகளை ஷிப்ட்டுக்கு அனுப்பறது பிராக்டிகலா சரிவராது'ன்னு டீக்கடையில பேசின அதே அண்ணாச்சிமார் பொண்ணுங்களும் அதுல இருக்கும்.

ஆனா அதே சிப்காட்டுலதான் இன்னொரு கதையும் இருக்கு. குளிர்பானக் கம்பெனிகளுக்குத் தாமிரபரணித் தண்ணி. 2005 வாக்குலயே போராட்டம் நடந்தது. 2016 நவம்பர்ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தண்ணி கொடுக்க இடைக்காலத் தடை போட்டுச்சு, 2017 மார்ச்ல வழக்குகளைத் தள்ளுபடி செஞ்சுச்சு. அப்ப அடிபட்ட வார்த்தை 'உபரி'. உபரித் தண்ணியைத்தான் கொடுக்கறோம்னு சொன்னாங்க. நம்ம ஃபீசிபிளுக்குச் சித்தப்பா பிள்ளை இந்த உபரி. இதுக்கும் 'கு' உருபு கிடையாது. ஸ்ரீவைகுண்டம் கடைமடையில பயிர் காயறதைப் பாத்துக்கிட்டு நிக்கிற ஆளுகிட்டப் போய் உபரின்னா, அவரும் எங்க அப்பா கேட்ட கேள்வியைத்தான் கேப்பார். யாருக்கு மிச்சம்?

கொஞ்சம் கிழக்கே போனா கடல். சேது சமுத்திரம். ஃபீசிபிளுக்கும் வயபிளுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவு பெரிய செலவுல நமக்குப் பாடம் எடுத்த திட்டம் வேற இல்ல. 1860ல டெய்லர்னு ஒரு வெள்ளைக்காரக் கடல் அதிகாரி சொன்ன யோசனை. 2005 ஜூலை 2ஆம் தேதி மதுரையில மன்மோகன் சிங் தொடங்கி வச்சார். 167 கிலோமீட்டர் கால்வாய், 12 மீட்டர் ஆழம், 2,427 கோடி ரூபாய். தோண்ட முடியுமா? முடியும். மண்ணு, சுண்ணாம்புப்பாறை, டிரெட்ஜர். 2009ல வேலை நின்னபோது அதுவரை கொட்டினது எழுநூறு கோடியைத் தாண்டும்.

தோண்டின பிறகு எந்தக் கப்பல் வரும்ங்கறதுதான் கேள்வி. 12 மீட்டர் ஆழத்துல முப்பதாயிரம் டன் அளவுக் கப்பல்தான் போகும். கால்வாய்க்குள்ள மெதுவாப் போகணும், வழிகாட்டி மாலுமிக்குக் காசு, கால்வாய்க்குக் கட்டணம். தூத்துக்குடியில இருந்து சென்னைக்குப் போற கப்பலுக்கு 424 கடல்மைல், 30 மணி நேரம் வரைக்கும் மிச்சம்னு அரசாங்கக் கணக்கு. ஐரோப்பாவுல இருந்தோ ஆப்பிரிக்காவுல இருந்தோ வர்ற கப்பலுக்கு மிச்சம் ரொம்பக் குறைவு. கப்பல் முதலாளிக்குக் கட்டுபடியாகுமா? மன்னார் வளைகுடாவுல வலை போடறவருக்குத் தோதுப்படுமா? வருஷா வருஷம் திரும்பத் திரும்ப மண்ணை அள்ளிக் கொட்டற செலவு யாருக்கு? இந்த 'கு' எல்லாம் கேக்கப்பட வேண்டிய நேரத்துல ஊரே ராமர் பாலமா மணல்திட்டான்னு அடிச்சுக்கிட்டிருந்தது. ஒரு பக்கம் 'கட்ட முடியும்'னு சொன்னதையே 'கட்டணும்'னு எடுத்துக்கிட்டான். மறுபக்கம் 'தொடக்கூடாது'ங்கறதோட நிறுத்திக்கிட்டான். உச்ச நீதிமன்ற வழக்கை ஒட்டி 2008ல அமைச்ச பச்சௌரி குழு, தனுஷ்கோடி வழியா மாற்றுப்பாதை போட்டாலும் பொருளாதார ரீதியாவும் சூழல் ரீதியாவும் தேறாதுன்னு சொல்லுச்சு. மத்திய அரசு அதை ஏத்துக்காம பழைய பாதையிலயே போறோம்னு 2013ல மனு போட்டது. 2023 ஜனவரியில நம்ம சட்டசபையில திட்டத்தை நிறைவேத்தணும்னு மறுபடி தீர்மானம். எனக்கு அந்தத் திட்டம் மேல விரோதம் ஒண்ணும் கிடையாது. தூத்துக்குடி செழிச்சா முதல்ல சந்தோஷப்படறவன் எங்க ஊர்க்காரன். ஆனா 'கட்ட முடியும்'ங்கற பதிலை வச்சுக்கிட்டு 'பிழைக்கும்'ங்கற பரீட்சையில மார்க் கேட்டா எப்படி?

'அப்ப ஃபீசிபிள்னு சொல்லவே கூடாதா, ஆபீஸ்ல ஏலாதுன்னு மெயில் அனுப்பவா'ன்னு கேக்கப் போறீங்க. தாராளமா ஃபீசிபிள் சொல்லுங்க, நானும் நாளைக்குக் காலையில ஸ்டாண்டப் மீட்டிங்ல சொல்லத்தான் போறேன். பக்கத்துல ஒரு 'கு' போடுங்க, போதும். எங்க டீமுக்கு இல்ல, இந்த மாசத்துக்கு இல்ல, உங்க பட்ஜெட்டுக்கு இல்ல. சொல்றவனுக்கு அரை நொடி கூட ஆகும். கேக்கறவனுக்கு எங்க போய் முட்டணும்னு தெரியும்.

இன்னொண்ணு. 'பிராக்டிகலா பேசுங்க'ன்னு ஒருத்தர் சொன்னா, அவருக்கு எது நடைமுறைன்னு முதல்ல சொல்லச் சொல்லுங்க. என் அனுபவத்துல இதைச் சொல்றவர் ஏற்கெனவே சௌகரியமா உக்காந்திருக்கறவராத்தான் இருக்கார். நிக்கிறவன் சொல்லி நான் கேட்டதில்ல.

நேத்து மேனேஜருக்கு மெயில் போட்டேன். ரெண்டே கேள்வி. மாசத்துல ரெண்டு வாரம் நான் ஊர்ல இருந்தா யாருக்கு என்ன இடைஞ்சல்? அந்த இடைஞ்சலை நானே சரிபண்ண வழி இருக்கா? ரொம்ப மரியாதையா, 'பிளீஸ்' எல்லாம் போட்டுத்தான். இன்னிக்குக் காலையில பதில் வந்தது. அதோட ஃபீசிபிலிட்டியைப் பாத்துட்டுச் சொல்றாராம்.

வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸ்ல வெயிட்டிங் லிஸ்ட் 43. கொங்குப் பக்கத்து, தஞ்சைப் பக்கத்து, யாழ்ப்பாணத்து ஆட்கள் உங்க ஊர்ல இதுக்கெல்லாம் என்ன சொல்வீங்கன்னு எழுதுங்க. அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டறேன், அவருக்கு இந்த விளையாட்டு பிடிச்சுப் போச்சு.